மீட்டரைப் பார்த்து வாங்கிய பொருட்கள்

பசுமைத் தொழில்நுட்பம் என்றதும் எல்லோர் கண்ணும் நேரே மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது. "சோலார் போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டிலும் சோலார் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் எது என்று கேட்டால், கூடத்தில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் சீலிங் ஃபேனைத்தான் காட்டுவேன்.

எங்கள் வீடு மதுரையில், தொண்ணூறுகளில் கட்டிய கான்கிரீட் தளம் போட்ட வீடு. நான், கணவர், மாமியார், கல்லூரி போகும் மகன். சில வருஷமாக ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். பெட்டியின் மேல் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறதே என்று எதையும் வாங்கியதில்லை. மூன்று விஷயம்தான் பார்ப்பேன்: எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் தயாராகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியைச் சலித்துவிடலாம்.

முதலில் ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் சுமாருக்கு இழுக்கும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் வைத்தது அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் எங்கள் ஊரில் ஃபேன் என்பது மாசி தொடங்கி ஐப்பசி வரை கிட்டத்தட்ட நிற்காமல் ஓடுகிற சாமான். நாளைக்கு 15 மணி நேரம் என்று வைத்தால், ஒரு ஃபேனில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனுக்கு 160 யூனிட். கரியமில வாயுவில் சொன்னால் 110 கிலோவுக்கு மேல்.

இதில் பில்லுக்கான சூட்சுமம் ஒன்றும் இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்குக் கிடைத்துவந்த மலிவு விலையும் போய்விடும். 550, 600 என்று அந்தக் கோட்டைத் தாண்டியே நிற்கும் வீடுகளில் ஃபேனை மாற்றினாலே போதும், பில் கீழே இறங்கிவிடும். நம் ஈபி அட்டையின் கடைசி ஆறு ரீடிங்கை எடுத்துப் பாருங்கள், உங்கள் வீடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால், ராத்திரி முழுக்க ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். நன்றாகச் சுடும். காற்றாக வர வேண்டிய கரண்ட் அங்கே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிஎல்டிசி ஃபேனில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம், காயிலுக்குக் கரண்டை எப்போது எவ்வளவு விடுவது என்பதை ஒரு சின்ன போர்டு பார்த்துக்கொள்ளும். தொட்டால் லேசான வெதுவெதுப்போடு சரி. இந்த ஃபேன் நம் சந்தைக்கு வந்த கதையில் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. 2012இல் வந்த சூப்பர்ஃபேன் அந்த ஊர்த் தயாரிப்புதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். ஆனால் நட்சத்திரத்தோடு காற்றின் அளவையும் பாருங்கள். 1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 220 கன மீட்டர் சுமாருக்குத் தள்ளினால் மதுரை வெயிலுக்குத் தாங்கும். வாட்டைக் குறைத்துக் காட்டுவதற்காகக் காற்றையும் குறைத்த மாடல்கள் உண்டு. அப்புறம், சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போர்டு சீக்கிரம் போகும். சாதாரண ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெரு முனை எலக்ட்ரீஷியன் கெபாசிட்டர் மாற்றிச் சரிசெய்துவிடுவார். இதில் போர்டு போனால் கம்பெனி சர்வீஸ்தான். அதனால் பில்லைப் பத்திரமாக வைப்பதும் வாரண்டி வருஷம் பார்ப்பதும் முக்கியம்.

என் மாமியாருக்கு ரிமோட் பிடிக்கவே இல்லை. "சுவத்துல திருகுனா சுத்தணும், அதுதான் ஃபேனு. இது என்ன டிவியா?" என்று கேட்டார். அவர் அறைக்கு மட்டும் பிஎல்டிசிக்கென்றே செய்த சுவர் ரெகுலேட்டரோடு வரும் மாடல் வாங்கினோம். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் கை பழகாத பொருள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் நிலைக்காது. அடுத்த மாதமே பழைய ஃபேன் பரணிலிருந்து இறங்கிவிடும். கரண்ட் போன நேரத்தில் யுபிஎஸ் பேட்டரி முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாக்குப்பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் அத்தை இந்த ஃபேனை மனசார ஒப்புக்கொண்டார்.

அடுத்தது தளம். இதைப் பொருள் என்று சொல்லலாமா தெரியவில்லை, ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு டப்பா பசையும்தான். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி அந்தக் காங்கையை அறைக்குள் இறக்கும். கத்திரி நேரத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஃபேன் அனல் காற்றை இறக்குவது அதனால்தான். நம் பாட்டன் காலத்து மெட்ராஸ் டெரஸ் தளத்தில் செங்கல், சுண்ணாம்பு, மேலே தட்டோடு எனப் பல அடுக்கு இருந்ததால் சூடு இறங்க நேரமாகும். இப்போதைய வெறும் கான்கிரீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை கலந்து, மாசிக் கடைசியில் இரண்டு பூச்சு அடிக்கிறோம். தளத்தை முதல் நாளே நன்றாகக் கழுவி, பாசியைச் சுரண்டிவிட வேண்டும். அடிப்பதைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்து செய்ய வேண்டும், உச்சி வெயிலில் அடித்தால் காய்ந்து பொரிந்து உதிர்ந்துவிடும். ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறை வேலை. அந்த வேலை வேண்டாம் என்பவர்களுக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டும் வெள்ளை ஓடும் இருக்கின்றன, விலை கூடுதல், சில வருஷம் தாங்கும். எது பூசினாலும் அழுக்குப் படிந்தால் பலன் குறையும், கோடை தொடங்குமுன் ஒரு தடவை துடைப்பம் போட்டுக் கழுவிவிட வேண்டும். பகல் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடிக்குப் போய், பூசிய இடத்திலும் பூசாத கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் கால் வைத்துப் பாருங்கள், வேறு சாட்சி வேண்டாம். எங்கள் வீட்டில் ஏசி போடும் நேரம் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளிப்போனது இதனால்தான்.

இவ்வளவும் செய்த பிறகே சோலார். முதலில் தேவையைக் குறைத்துவிட்டதால், 5 கிலோவாட் வேண்டும் என்று ஒருவர் போட்டுத் தந்த மதிப்பீடு எங்களுக்குத் தேவைப்படவில்லை. 3 கிலோவாட் போதுமானதாக இருந்தது. நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஆக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 சொச்சம். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். வேலை முடிந்து, மீட்டர் மாட்டிய பிறகுதான் அது நம் வங்கிக் கணக்குக்கு வரும், அதனால் முழுப் பணத்தையும் முதலில் புரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பேனல் இந்தியாவில் தயாரித்த செல்களைக் கொண்டதாக இருந்தால்தான் மானியம், மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு பேனலுக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

பணத்தைவிட இழுத்தடித்தது பேர்மாற்றம். ஈபி இணைப்பு காலமான மாமனார் பேரிலேயே இருந்தது. நம் ஊரில் பாதி வீடுகளில் தாத்தா பேரில்தான் இருக்கும். விண்ணப்பிப்பவர் பேரும் இணைப்பின் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். சோலார் பற்றி யோசிக்கிற அன்றைக்கே வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பேரை மாற்றப் போட்டுவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மாடியில் இடம் பிடிக்க அத்தையோடு தனிப் பேச்சுவார்த்தை நடந்தது. வடகத்துக்கும் வெயில் வேண்டும், பேனலுக்கும் வெயில் வேண்டும். கடைசியில் கிழக்கு ஓரம் அவருக்கு, மீதி சோலாருக்கு. ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கம்பிச் சட்டம் எழுப்பி அதன்மேல் பேனல் போட்டோம். செலவு கூடும், ஆனால் அடியில் துணி காயப் போடலாம், தளத்தின் அந்தப் பகுதிக்கு நிழலும் கிடைக்கும். ஆடிக் காற்றை நினைத்து, சட்டத்தின் கால்களை எப்படி ஊன்றுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்றே பாருங்கள்.

சாய்வு விஷயத்திலும் ஏமாறக் கூடாது. வட இந்திய வீடியோக்களில் 25, 30 டிகிரி என்பார்கள். மதுரை பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது, தெற்கே பார்த்து 10 டிகிரிச் சாய்வு போதும். நமக்குச் சித்திரைக்குப் பிறகு ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமே நிற்கும், ரொம்பச் சாய்த்தால் அந்த மாதங்களில் நஷ்டம். நிழலுக்கு இதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டும். பேனல்கள் ஒரே சரத்தில் கோத்திருப்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னங்கீற்றின் நிழலோ ஒரு மூலையில் விழுந்தாலே மொத்த உற்பத்தி இறங்கும். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நிழல் எங்கெல்லாம் நகர்கிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்தோம்.

பேனல் கழுவுவது என் வேலை. காலை வெயில் ஏறுமுன் செய்துவிட வேண்டும், காய்ந்து கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவி அப்படியே விட்டால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும், அது தூசியைவிட மோசம். ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று அதை எடுத்துப் போகாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூட. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் கழுவிப் பாருங்கள். அது காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர், உப்பே கிடையாது, கண்ணாடி பளிச்சென்று இருக்கும்.

கத்திரி வெயிலில்தான் கரண்ட் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மதிய நேரத்தில் பேனல் 60 டிகிரியைத் தொடும். எங்கள் கணக்கில் மாசியும் பங்குனியும்தான் ராஜா மாதங்கள்.

"கரண்ட் போனா உங்க வீட்டுல மட்டும் எரியும்ல?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. எரியாது. ஈபி லைனோடு இணைந்த சோலார், லைனில் கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் வகையில்தான் எரியும், விலை வேறு மாதிரி. நாங்கள் பழைய யுபிஎஸ்ஸையே வைத்துக்கொண்டோம்.

இன்டக்ஷன் அடுப்பைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. எல்லாப் பட்டியலிலும் அது பசுமைப் பொருளாக வருகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு. கேஸ் அடுப்பில் பாதிச் சூடு வீணாகிறது, இன்டக்ஷனில் 85 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது, அது உண்மை. ஆனால் நிலக்கரி கலந்த ஈபி கரண்டில் ஓடினால், பாத்திரத்துக்குள் போகும் ஒரு யூனிட் சூட்டுக்கு இன்டக்ஷன் 0.8 கிலோ வெளியேற்றுகிறது, கேஸ் 0.5 கிலோவுக்குள் முடித்துவிடுகிறது. ஆக, ராத்திரி ஏழு மணிக்கு இன்டக்ஷனில் சாம்பார் வைப்பதால் வானத்துக்கு ஒரு லாபமும் இல்லை. மாடியில் சூரியன் கரண்ட் தந்துகொண்டிருக்கும் பகல் பதினோரு மணிக்குப் பருப்பு வேகவைத்தால் லாபம். சோலார் இல்லாத வீட்டுக்கு நான் இன்டக்ஷனைச் சிபாரிசு செய்வதில்லை. அடுப்படியில் கேஸ் சூடு இல்லாமல் நின்று சமைக்கலாம் என்பதற்காக வாங்கினால் அது வேறு, தாராளமாக வாங்குங்கள்.

பாத்திரம் வாங்கும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டினால் இன்டக்ஷனில் சுடும். அலுமினியம், பித்தளை, மண்சட்டி ஒன்றும் ஆகாது, குழிந்த வாணலி உட்காராது. வார்ப்பிரும்புத் தோசைக்கல் சுடும், ஆனால் நடுவில் மட்டும் சூடேறி ஓரம் வெள்ளையாக நிற்கும். எங்கள் வீட்டில் தோசைக்கு இன்னும் கேஸ்தான்.

இதே கணக்கு மின்சார ஸ்கூட்டருக்குச் சாதகமாக வருகிறது. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் போனால், கிலோமீட்டருக்கு 50 கிராம் கரியமில வாயு. மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு 3, 3.5 யூனிட் எடுக்கும். நிலக்கரிக் கரண்ட் கலந்த ஈபி லைனில் சார்ஜ் போட்டாலும் பெட்ரோலில் பாதிதான். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தே இப்போது நிறைய வண்டிகள் வருகின்றன. கணவர் தினமும் ஓட்டுகிறார். வெயிலில் நின்ற வண்டியை வந்தவுடன் சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுவார், பேட்டரிக்குச் சூடுதான் எதிரி. சார்ஜ் போடும் பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் நாங்கள் வைக்கவில்லை. மதுரையில் மார்கழி, தை விட்டால் வெந்நீருக்கு யார் அலைகிறார்கள்? கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இருப்பவர்களுக்கு அது முதல் பொருளாக இருக்கலாம். சோலார் தோட்ட விளக்கு, சோலார் பவர்பேங்க் வகையறாக்கள் பரிசாக வந்தவை, பரணில் இருக்கின்றன.

கடைசியாக ஏசி. இதை யாரும் பேசுவதில்லை. ஏசியின் கரண்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2020 ஜனவரி முதல் வரும் ஏசிகளைப் போட்டால் தானாக 24 டிகிரியில் தொடங்கும், அதை 27க்கு ஏற்றி ஃபேனையும் சேர்த்துப் போட்டால் சுகமாகவே இருக்கும். அதற்குள் இருக்கும் கேஸ்தான் பெரிய விஷயம். எங்கள் பழைய ஏசியில் ஆர்-410ஏ. அது ஒரு கிலோ வெளியே போனால் 2,088 கிலோ கரியமில வாயு போனதற்குச் சமம். ஈபி கரண்டில் ஏறக்குறைய 3,000 யூனிட். எங்கள் நான்கு ஃபேனும் மூன்று வருஷம் மிச்சம் பிடிப்பதை ஒரு நிமிஷத்தில் ஊதிவிடலாம். புதிதாக வாங்குபவர்கள் ஆர்-32 (ஒரு கிலோவுக்கு 675 கிலோ) அல்லது ஆர்-290 (3 கிலோ) உள்ளதா என்று வெளி யூனிட்டின் ஸ்டிக்கரைப் படியுங்கள். இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தம் 2016இல் வந்தது, இந்தியா 2021இல் அதை ஏற்றது.

போன கோடையில் அந்த ஏசியைக் கீழ் அறையிலிருந்து மாடி அறைக்கு மாற்ற மெக்கானிக் தம்பி வந்தார். வந்ததும் ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தப் போனார்.

"தம்பி, கேஸை உள்ள இழுத்துட்டுக் கழட்டுங்க."

"அக்கா, அதெல்லாம் யாரும் பண்றதில்ல. திறந்து விட்டுட்டு மேல போய்ப் புதுசா அடிச்சிக்கலாம்."

"புதுசா அடிக்கிற கேஸுக்குக் காசு யாரு குடுப்பா?"

சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஆலன் கீயை எடுத்தார். ஏசியைக் குளிர் மோடில் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை மூடினார். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் இழுத்து, குழாய்களில் இருந்த கேஸை எல்லாம் வெளி யூனிட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. அப்புறம் தடித்த குழாயின் வால்வை மூடிய கையோடு ஏசியை நிறுத்தினார். வேலை அவ்வளவுதான், சில நிமிஷம். இதை நாமே செய்து பார்க்கக் கூடாது, ஆர்-32வும் ஆர்-290ம் தீப்பிடிக்கும் வாயுக்கள், மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள்.

மேலே பொருத்தும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றைத் தள்ள, கேஸையே கொஞ்சம் திறந்துவிடுவது பலருக்கு வழக்கம். அதற்குப் பதிலாக வேக்கம் பம்ப் கொண்டுவரச் சொல்லுங்கள், போனில் பேசும்போதே சொன்னால் கொண்டுவருவார்கள். பொருத்தி முடித்ததும் நட்டு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தடித்த குழாய் மூட்டில் குமிழி வந்தது. குழாயின் நுனியை வெட்டி, மறுபடி விரித்து, முறுக்கிய பிறகு நின்றது. தம்பி போகும்போது, "ஏசி சரியா கூலிங் ஆகலைன்னு வருஷா வருஷம் கேஸ் அடிக்கிற வீடு எல்லாம் இந்த நட்டுலதான்கா லீக்" என்றார்.